கடல் விலங்கு மையக்கருத்து அட்டைகள்: தவறான விடைகளைப் பார்த்து வாங்குங்கள்

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கான ‘மையக்கருத்தைக் கண்டுபிடி’ தொகுப்புகள் பெட்டியில் அடைத்த அட்டைகளாகவும் வருகின்றன, நாமே இறக்கி அச்சிட்டுக்கொள்ளும் கோப்பாகவும் வருகின்றன. கடல் விலங்குகளை வைத்துச் செய்தவற்றைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். படம் மட்டும் போட்ட அட்டைகள் கொஞ்சம். நாலைந்து வரிப் பத்தியும் அதன்கீழ் மூன்று நான்கு விடைகளும் கொண்ட அட்டைகள் ஒரு கட்டு. குடை, ஆக்டோபஸ் வடிவங்களில் நிரப்பும் தாள்கள். கடைசியில் ஒரு விடைத்தாள். வாங்குகிறவர்கள் படம் அழகாக இருக்கிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இன்னும் கவனமானவர்கள் இரண்டு பத்தி படித்துப் பார்க்கிறார்கள். ஆனால் சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒரு தொகுப்பைச் செய்தவருக்கு வேலை தெரியுமா என்பது, அவர் எழுதியிருக்கும் தவறான விடைகளில்தான் வெளிப்படும்.

துறவி நண்டைப் பற்றி ஒரு பத்தி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“துறவி நண்டின் பின்னுடல் மெத்தென்று இருக்கும். அதை மூடக் கெட்டியான ஓடு கிடையாது. அதனால் துறவி நண்டு வெறுஞ்சங்கு ஒன்றைத் தேடி அதற்குள் புகுந்துகொள்ளும். உடல் வளர வளரச் சங்கு இறுக்கும். அப்போது பெரிய சங்காகப் பார்த்து மாறிவிடும்.”

மட்டமான தொகுப்பில் இதற்கு விடைகள் இப்படி இருக்கும்: ‘துறவி நண்டு சங்குக்குள் இருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது’, ‘சுறாவுக்குக் கூரான பற்கள் உண்டு’, ‘திமிங்கலம் மிகப் பெரியது’. பத்தியைப் படிக்காத குழந்தைகூட நண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘நண்டு’ என்ற சொல் இருக்கும் விடையில், தேர்வைக் குறிக்கும் கிளிப்பை மாட்டிவிடும். கட்டு முழுக்க இப்படியே இருந்தால் எல்லாம் சரி என்று வரும். குழந்தைக்கு மையக்கருத்து பிடிபட்டுவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். அது செய்தது பெயரைப் பெயரோடு பொருத்தியது மட்டும்தான்.

நல்ல தொகுப்பில் எல்லா விடைகளும் துறவி நண்டைச் சுற்றியே இருக்கும்:

‘துறவி நண்டின் பின்னுடல் மெத்தென்று இருக்கும்.’
‘கடலில் பல வகை நண்டுகள் உண்டு.’
‘துறவி நண்டுக்குப் பத்துக் கால்கள்.’
‘துறவி நண்டு வெறுஞ்சங்கில் குடியேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது.’

முதலாவது, பத்தியின் முதல் வரி அப்படியே. அதைத் தொடும் குழந்தை, எந்தப் பத்தியிலும் முதல் வரிதான் முக்கியம் என்று பழகியிருக்கிறது. இரண்டாவது அளவுக்கு மீறி அகலம். ‘நண்டு’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்ட குழந்தை அங்கே போகும். மூன்றாவது உண்மைதான், ஆனால் பத்தியில் இல்லை. வேறெங்கோ கேட்டதை வைத்து விடை சொல்லும் கெட்டிக்காரக் குழந்தை விழும் இடம் அது. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு தனிக் குழப்பத்தைப் பிடித்துக் காட்டுகிறது. எதைத் தேர்ந்தது என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்றும் தெரிந்துவிடும். முதல் வரியைத் தேர்ந்தால், அதே பத்தியின் வரிகளைத் தனித்தனிக் கீற்றாக வெட்டி, முதல் வரியை நடுவில் வைத்துப் படிக்கச் சொல்லலாம். அகலமானதைத் தேர்ந்தால், ‘இந்த வரியைச் சாதாரணக் கடல் நண்டைப் பற்றிய அட்டையிலும் ஒட்டலாமா?’ என்று கேட்கலாம். ஒட்டலாம் என்றால் அது இந்தப் பத்திக்கு உரியதல்ல. பத்தியில் இல்லாததைத் தேர்ந்தால், ‘எந்த வரியில் இருக்கிறது, விரலை வை’ என்பது போதும். விடைத்தாளில் இந்த மாதிரி விளக்கம் அட்டைக்கு ஒரு வரி இருந்தாலே அந்தத் தொகுப்பை நம்பி எடுக்கலாம். ‘1-இ, 2-அ, 3-ஆ’ என்று மட்டும் இருந்தால் பத்து அட்டையையாவது புரட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

புரட்டும்போது மூன்று எண்ணிக்கை போடுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. பத்து அட்டைகளில் எத்தனையில் சரியான விடைதான் மற்றவற்றைவிட நீளம்? பெரும்பாலானவற்றில் என்றால், குழந்தைகள் சில நாளிலேயே நீளமானதைத் தேடக் கற்றுக்கொள்வார்கள்; வாசிப்பு தேவைப்படாது. எத்தனையில் சரியான விடை நடுவில் இருக்கிறது? எத்தனையில் மையக்கருத்து பத்தியின் முதல் வரியிலேயே இருக்கிறது? பாதிக்கு மேல் முதல் வரி என்றால், தொகுப்பே அந்தத் தவறான பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. கொஞ்சம் முதல் வரியில், கொஞ்சம் கடைசி வரியில், கொஞ்சம் எந்த வரியிலும் நேராகச் சொல்லப்படாமல் என்று கலந்திருப்பதே சரி.

அந்தக் கடைசி வகை கடினம். ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரையிலான மாணவர்கள் பத்தியை எப்படிச் சுருக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். வேண்டாததை நீக்குவது சிறியவர்களுக்கே வந்தது. பத்தியில் இல்லாத மைய வரியைத் தானே உருவாக்குவது எல்லாவற்றிலும் பிந்தி வந்தது. ஐந்து வயதுக்கென்று விற்கும் பெட்டியில் ‘நீயே மையக்கருத்தை எழுது’ என்ற தாள்கள் வரிசையாக இருந்தால், வயதை அட்டைப்படத்துக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

வயது விஷயத்தில் இன்னொன்று. 2010இல் வந்த அமெரிக்காவின் காமன் கோர் பாடத்தரத்தை முத்திரைபோல் அட்டையில் போட்டுவரும் தொகுப்புகள் பல. அந்தத் தரத்தையே எடுத்துப் படித்தால், மழலை வகுப்பிலும் முதல் வகுப்பிலும் எதைப் பற்றிய பாடம் என்று சொல்லி, முக்கியமான தகவல்களைத் திருப்பிச் சொன்னால் போதும். இரண்டாம் வகுப்பில் பல பத்திகள் கொண்ட பாடத்தின் பொருளும், ஒவ்வொரு பத்தியும் எதன்மேல் நிற்கிறது என்பதும் சேர்கின்றன. மையக்கருத்தைக் கண்டு, தகவல்கள் அதை எப்படித் தாங்குகின்றன என்று விளக்குவது மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. ஆகவே ஐந்து வயதுக் குழந்தை ‘கடல் குதிரையைப் பற்றி’ என்று நிறுத்திக்கொண்டால் அது தோல்வி அல்ல. அந்த வயதுக்கான விடையே அதுதான்.

அங்கிருந்து அடுத்த படிக்கு ஏற்றக் கடல் குதிரையைப் போன்ற அட்டை வேறில்லை. இரண்டே கேள்வி. எதைப் பற்றி? கடல் குதிரையைப் பற்றி. அதைப் பற்றி என்ன சொல்கிறது? கடல் குதிரையில் அப்பாதான் முட்டைகளைப் பையில் சுமக்கிறது. முதல் கேள்விக்கு ஒரு நிறக் கீற்று, இரண்டாவதற்கு வேறு நிறக் கீற்று என்று வைத்து, இரண்டையும் சேர்த்து ஒட்டினால்தான் மையக்கருத்து என்று காட்டும் தொகுப்புகள் உண்டு. இந்த ஒரு உத்திக்காகவே அவற்றை மற்றவற்றுக்கு மேலே வைக்கலாம். தலைப்பு வேறு, மையக்கருத்து வேறு என்று அரை மணி நேரம் விளக்கினாலும் ஏறாதது, ஒரு கீற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘மீதி எங்கே?’ என்று கேட்டால் ஏறிவிடும்.

இனி, இந்தத் தொகுப்புகளில் அடிக்கடி தென்படும் பெரிய குறை. கடல் விலங்குகள் வியப்பானவை. எழுதுகிறவருக்கே ஆசை தாங்குவதில்லை. விளைவு இப்படி ஒரு பத்தி:

“ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். அதற்கு எட்டுக் கரங்கள் உண்டு. அதன் இரத்தம் நீல நிறம். அது நண்டுகளைத் தின்னும். ஆபத்து வந்தால் மையைப் பீய்ச்சும்.”

விடைத்தாளில் ‘ஆக்டோபஸ் ஒரு வியப்பூட்டும் உயிரினம்’ என்று இருக்கும். ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆனால் பத்திக்கு மையமே இல்லை. இது தகவல் மூட்டை. மூட்டைக்குள் மையம் தேடச் சொன்னால் குழந்தை எதைப் பிடிக்கும்? மூன்று இதயத்தைத்தான். பெரியவர்களுக்கும் நாளைக்கு அதுதான் நினைவில் நிற்கும். குழந்தை தவறு செய்யவில்லை, பத்தி ஏமாற்றியிருக்கிறது. தவிர, ‘வியப்பூட்டும் உயிரினம்’ என்ற விடையைச் சுறாவுக்கும் வைக்கலாம், கடல் ஆமைக்கும் வைக்கலாம், நட்சத்திர மீனுக்கும் வைக்கலாம். எந்த அட்டைக்கும் பொருந்தும் விடை எந்த அட்டைக்கும் விடையாகாது. ஒரு தொகுப்பில் ‘வியப்பான’, ‘அற்புதமான’, ‘சுவாரசியமான’ என்று முடியும் விடைகள் மூன்றுக்கு மேல் கண்ணில் பட்டால் அதை வைத்துவிடலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பழுது பார்க்க வழி இருக்கிறது. ஒரே காரியத்துக்கு உதவும் தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்ற வேண்டும்:

“ஆக்டோபஸ் பாறையின் நிறத்துக்குத் தன் தோலை மாற்றிக்கொள்ளும். அதன் உடலில் எலும்பு இல்லை. சின்ன இடுக்குக்குள்ளும் நுழைந்துவிடும். எதிரி நெருங்கினால் மையைப் பீய்ச்சிவிட்டு நழுவும்.”

இப்போது ‘ஆக்டோபஸ் எதிரியிடமிருந்து பல வழிகளில் தப்பிக்கிறது’ என்று குழந்தையே சொல்லிவிடும், அல்லது வெகு அருகில் வந்துவிடும். கழற்றிய மூன்று இதயத்தையும் நீல இரத்தத்தையும் எறிய வேண்டாம். அவற்றில் ஒன்றைத் திரும்பப் பத்தியில் செருகி, ‘இங்கே பொருந்தாமல் உட்கார்ந்திருக்கும் வரி எது?’ என்று கேட்டால் அது தனிப் பயிற்சி. வேண்டாததை நீக்குவது எளிதாக வரும் திறன் என்பதால், மையக்கருத்தைச் சொல்லத் திணறும் குழந்தைகூட இதைச் செய்துவிடும். நீக்கிய பிறகு, ‘அது ஏன் பொருந்தவில்லை?’ என்று கேளுங்கள். ‘மற்றதெல்லாம் தப்பிக்கிறதப் பத்தி, இது ரத்தத்தப் பத்தி’ என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குள்தான் மையக்கருத்து இருக்கிறது.

நிரப்பும் தாள்களுக்கு வருவோம். ஆக்டோபஸ் வடிவத் தாள் பார்க்க அழகு: தலையில் மையக்கருத்து, எட்டுக் கரங்களில் தகவல்கள். பத்தியில் இருப்பதோ மூன்று தகவல். மீதி ஐந்து கரங்கள் காலியாக நிற்பதைக் குழந்தையால் பொறுக்க முடியாது. ‘அது கடலில் இருக்கும்’, ‘அது அழகு’ என்று எதையாவது இட்டு நிரப்பும். தகவல் என்றால் இடத்தை நிரப்புவது என்று ஆகிவிடுகிறது. குடை வடிவம் இதைவிடப் பரவாயில்லை, ஏனென்றால் ‘இந்த வரி குடைக்குள் நிற்கிறதா, வெளியே நனைகிறதா?’ என்று கேட்க முடிகிறது. எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்வது ஜெல்லிமீன் வடிவம். அரைவட்டமாக வெட்டிய தலையில் மையக்கருத்து. கீழே தொங்கும் இழைகள் தனித்தனிக் காகிதக் கீற்றுகள். பத்தியில் மூன்று தகவல் என்றால் மூன்று கீற்று, நான்கு என்றால் நான்கு. கீற்றில் எழுதிய தகவல் தலையோடு சேரவில்லை என்றால் ஒட்டாமல் வைத்துவிடலாம். எண்ணிக்கையைப் பத்தி முடிவு செய்கிறது, தாள் முடிவு செய்வதில்லை. இதைக் கோப்பாக வாங்கத் தேவையே இல்லை. கத்தரிக்கோலும் இரண்டு நிறக் காகிதமும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

எழுத்து படிக்காத வயதுக்கான பட அட்டைகளில் பலவும் ஒரே பிழையைச் செய்கின்றன. சுறா, ஆமை, நண்டு, ஓங்கில் (டால்பின்) என்று நான்கு படம் போட்டு, ‘கடல் விலங்குகள்’ என்பதை விடையாகக் கொடுக்கின்றன. அது வகைப்படுத்தும் பயிற்சி. அதற்குப் பதில், கல்லால் சிப்பியை உடைக்கும் கடல் நீர்நாய், கடற்புல்லை மேயும் பச்சை ஆமை, வாயில் கிரில் கூனிகளை வடிகட்டும் திமிங்கலம், சிப்பியின் மேல் கவிந்து திறக்கும் நட்சத்திர மீன் என்று நான்கு படம் வைத்தால், ‘எல்லாரும் சாப்பிடுறாங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி’ என்று நான்கு வயதுக் குழந்தையும் சொல்லும். அதுதான் மையக்கருத்து. ஆமைக்கு மட்டும் தனி வரிசையும் வைக்கலாம்: மணலைத் தோண்டுவது, முட்டைகள், குஞ்சுகள் மேலே வருவது, கடலை நோக்கி ஊர்வது. ஒரு படத்தை எடுத்துவிட்டு மற்றதைச் சொல்லச் சொன்னால், எந்தப் படம் இல்லாவிட்டாலும் கதை நிற்கிறது, எது இல்லாவிட்டால் விழுகிறது என்று குழந்தையே கண்டுபிடிக்கும்.

பத்தி அட்டைகளில் படம் எதிரியாகவும் ஆகிவிடும். நீலத் திமிங்கலம் கூனிகளை வடிகட்டித் தின்பதைச் சொல்லும் பத்திக்குப் பக்கத்தில், அது மேலே வந்து மூச்சை விசிறும் படம் இருந்தால், பாதிக் குழந்தைகள் படத்தைத்தான் விடையாகச் சொல்வார்கள். படமும் பத்தியும் ஒன்றையே சொல்லாத அட்டைகளில் படத்தின்மேல் ஒட்டும் தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள். படித்து முடித்த பிறகு திறந்து காட்டலாம்.

தமிழில் கிடைப்பவற்றில் மொழிபெயர்ப்பே அதிகம் என்பதால் சில கூடுதல் சிக்கல்கள். ‘ஆக்டோபஸ் ஆனது முதுகெலும்பற்ற ஓர் உயிரினம் ஆகும்’ என்ற வரியை ஆறு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல்லை மறந்துவிடும். மையக்கருத்துக்கு முன்னால் வாசிப்பே தடுக்கி விழுகிறது. ‘ஆக்டோபஸுக்கு முதுகெலும்பு கிடையாது’ என்று எழுதியிருந்தால் முடிந்தது வேலை. ஐந்தாறு வயதுக்கு வரிக்கு நான்கு முதல் ஆறு சொல் போதும். ‘உயிரினங்களுக்கெல்லாம்’ போன்ற நீண்ட ஒட்டுச்சொற்கள் ஒரு பத்தியில் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது நமக்கு இயல்பு. சின்னக் குழந்தைக்கோ மூன்றாவது வரியில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே நழுவிவிடும். நல்ல தொகுப்பு விலங்கின் பெயரை இரண்டு மூன்று முறையாவது திரும்பச் சொல்லும்.

பெயர்களிலும் பொறி இருக்கிறது. நட்சத்திர மீன் மீன் அல்ல. ஜெல்லிமீன் என்றாலும் இழுதுமீன் என்றாலும் அதுவும் மீன் அல்ல. கடல் குதிரையோ மீன்தான். திமிங்கலச் சுறா திமிங்கலம் அல்ல, மீன்களிலேயே பெரிய மீன். ‘இவற்றில் எவை மீன்கள்?’ என்ற பத்தியில் குழந்தை பெயரை நம்பி விடை சொன்னால் அதைப் புரிதல் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மொழியின் வேலை. தொகுப்பு இதை ஒரு வரியிலாவது தெளிவுபடுத்தியிருக்க வேண்டும்.

குழந்தை விடையைப் பேச்சுத்தமிழில் சொல்லட்டும். ‘மையக்கருத்து’ என்ற சொல்லே ஐந்து வயதுக்குக் கனம். ‘இதுல முக்கியமா என்ன சொல்றாங்க?’ என்று கேட்டு, ‘நண்டுக்கு வீடு வேணும், அதான் சங்குக்குள்ள போகுது’ என்று பதில் வந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். எழுத்து நடைக்கு மாற்றுவது வேறு பாடம். இரண்டையும் ஒரே மூச்சில் திருத்தினால், அடுத்த முறை வாயே திறக்காமல் விடைகளில் ஒன்றைச் சுட்டிவிட்டுப் போய்விடும்.

தகவல் பிழைகளை வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. மையக்கருத்திலேயே பிழை இருந்தால் அதைத்தான் குழந்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளும். அடிக்கடி வருபவை: ‘நீலத் திமிங்கலம் மிகப் பெரிய மீன்’ (பாலூட்டி, அறியப்பட்ட விலங்குகளிலேயே பெரியது, நீளம் ஏறக்குறைய 30 மீட்டர் வரை). ‘கடல் ஆமை ஆபத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்’ (நில ஆமை செய்யும், கடல் ஆமையால் முடியாது). ‘நீந்துவதை நிறுத்தினால் சுறா செத்துவிடும்’ (சில வகைகளுக்குத்தான் அப்படி, கடலடியில் படுத்து ஓய்வெடுக்கும் சுறாக்கள் உண்டு). ‘திமிங்கலம் கடல்நீரைப் பீய்ச்சும்’ (பீய்ச்சுவது மூச்சுக் காற்று; அதிலுள்ள ஈரம் வெளியில் குளிர்ந்து வெண்புகைபோல் தெரிகிறது). பென்குவினும் பனிக்கரடியும் ஒரே படத்தில் நின்றால், ஒன்று பூமியின் தெற்கில், மற்றது வடக்கில் வாழ்வது என்பதைச் செய்தவர் யோசிக்கவில்லை. இப்படி ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் மற்ற அட்டைகளையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

அச்சிட்டுக்கொள்ளும் கோப்பு என்றால் கடல் தொகுப்புகளுக்கே உரிய ஒரு தொல்லை: பக்கம் முழுக்க நீலப் பின்னணி. வண்ணத்தில் அச்சிட்டால் மை கரைந்துவிடும்; கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் நீலம் கருஞ்சாம்பலாகி எழுத்தை விழுங்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் ஒரு பதிப்பு சேர்த்துத் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாதிரிப் பக்கம் ஒன்றை முதலில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. அதே பக்கத்தில் தமிழ் எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்: கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று ‘கொ’, ‘போ’ போன்றவை பிரிந்து கிடந்தால் எழுத்துரு சரியாகப் பொதியப்படவில்லை. அது உங்கள் அச்சுப்பொறியின் குறையல்ல. எழுத்து 20 புள்ளி அளவுக்குக் குறைந்தால் ஆறு வயதுக்கு உதவாது. ஏ4 தாளில் நான்கு அட்டைக்கு மேல் அடைத்திருந்தால் பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும்.

தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருக்கட்டும். பின்பக்கம் சரியான விடைக்கு நேரே புள்ளி வைத்துக் குழந்தையே சரிபார்க்கும் வகை அட்டைகளில் இது முக்கியம், மெல்லிய தாளில் அந்தப் புள்ளி வெளிச்சத்தில் முன்பக்கமே தெரியும். லேமினேட் செய்வதாக இருந்தால் அட்டையை முதலில் வெட்டி, பிறகு உறையில் வைத்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விளிம்பு விட்டு வெட்டுங்கள். முழுத்தாளையும் லேமினேட் செய்துவிட்டு அட்டை ஓரத்தோடு ஒட்டி வெட்டினால் விளிம்பு பிரிந்து ஈரம் ஏறும். மூலைகளை வளைத்து வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குத்தும். வெண்பலகை மார்க்கரால் எழுதியதை அன்றே துடைக்காமல் விட்டால் கறை தங்கிவிடும். மரக் கிளிப்புகளின் வில் ஐந்து வயது விரலுக்குக் கடினம். குழந்தை முழுக் கவனத்தையும் கிளிப்பைத் திறப்பதிலேயே செலவழிக்கும். காகித அம்பு ஒன்றை விடைக்கு நேரே வைக்கச் சொன்னால் போதும்.

பயன்படுத்தும் முறையில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: விடைகளை மூடிவைத்துப் பத்தியைப் படியுங்கள். அட்டையின் கீழ்ப்பாதியில் மடித்த தாளைச் செருகினால் ஆயிற்று. ஒரு முறை நீங்கள் படிக்க வேண்டும், ஒரு முறை குழந்தை படிக்க வேண்டும் (படிக்காத வயது என்றால் இரண்டு முறையும் நீங்கள்தான்). பிறகு ‘எதைப் பற்றி? அதைப் பற்றி என்ன?’ என்று கேட்டு, குழந்தை தன் வாயால் ஏதாவது சொன்ன பிறகே தாளை எடுக்க வேண்டும். தான் சொன்னதற்கு எது நெருக்கம் என்று அது தேடும். முதலிலேயே விடைகளைக் காட்டிவிட்டால், பத்தியை விட்டுவிட்டு விடைகளுக்குள் சொல் பொருத்தும் விளையாட்டு தொடங்கிவிடும். தேர்ந்த பிறகு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரலை மடக்கி, ‘இது அதைத் தாங்குகிறதா?’ என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அட்டை, கால் மணி நேரம். பத்து அட்டையை ஒரே அமர்வில் முடிக்கும் குழந்தை கடைசி ஐந்தில் ஊகிக்கிறது.

மொத்தத்தில், பட அட்டைகளும் இருநிறக் கீற்றுகளும் உள்ள தொகுப்பு ஐந்தாறு வயதுக்கு வாங்கத் தக்கது. பத்தி அட்டைகள், மேலே சொன்ன மூன்று எண்ணிக்கையில் தேறினால் ஏழெட்டு வயதுக்கு. நிரப்பும் தாள்களுக்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.

கட்டு முழுக்க முடித்துவிட்ட எட்டு வயதுக் குழந்தைக்குப் புதிய பெட்டி தேவையில்லை. பழைய அட்டை ஒன்றின் விடைகளை மறைத்துவிட்டு, சரியான விடையை நீங்களே எழுதிக்கொடுங்கள். தவறான விடைகள் மூன்றை அது எழுதட்டும். ஒன்று பத்தியின் ஒரு வரியை மட்டும் சொல்வதாக, ஒன்று அளவுக்கு மீறி அகலமாக, ஒன்று உண்மையானது ஆனால் பத்தியில் இல்லாதது. முதல் முயற்சியில் ‘சுறாவுக்குக் கூரான பற்கள்’ என்று எழுதும். தம்பியிடமோ தோழியிடமோ அந்த அட்டையை நீட்டி, அவர்கள் ஒரே நொடியில் சரியான விடையைச் சொல்லிவிட்டால், தானே அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் வேறு மாதிரி எழுதிக்கொண்டு வரும்.